கூட்டின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு

அத்தியாயம் 5

“இதைத் திறந்திருக்கிறார்கள். திறந்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.”

மொசியு ரொஷா இதைப் பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்குள் சன்னலுக்கு வெளியே லோசானின் பஸ்கள் இரண்டு போய்விட்டன. ஓய்வுபெற்ற நில அளவையாளர் அவர். ஒவ்வொரு சொல்லையும் அளந்து பார்த்துத்தான் கீழே வைப்பார்.

“என்னவாம், பிள்ளை?” என்றார் உருத்திரமூர்த்தி.

“திறந்தாச்சாம், ஒட்டியாச்சாம். மிச்சமெல்லாம் அலங்காரம், அண்ணை.”

துப்பறிவாளர் உருத்திரமூர்த்திக்கு ஐம்பத்தேழு வயது. சுவிஸின் சோலோதுர்னில் முப்பத்து மூன்று வருடம் இருந்து ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டியே களைத்துப்போன மனிதர், பிரெஞ்சின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. லோசான் பக்கத்து வழக்கென்றால் உதவியாளர் பிரபாலினிதான் அவருக்கு வாய். இங்கேயே பிறந்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். சட்டப் படிப்பைக் கடைசிப் பரீட்சையில் கைவிட்டாலும் வாதாடுவதைக் கைவிடாதவள். இன்றைக்கு உருத்திரமூர்த்திக்கு மூக்கும் இல்லை. மூன்று நாளாகத் தடிமன், மூக்கு முழுக்க அடைப்பு. காலை ரயிலில் குடித்தது கோப்பியா, தேநீரா என்பதே தெரியவில்லை.

மேசையில் ஒரு வெல்வெட் துணி. அதன்மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஒரு பழைய பேஸ்போல் அட்டை. நீலத் தொப்பி போட்ட ஒரு அமெரிக்கப் பந்து வீச்சாளர், 1952ஆம் ஆண்டிலிருந்து யாரையோ முறைத்துக்கொண்டிருந்தார்.

வழக்கு இதுதான். சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கும் இந்த மாதிரிப் பழைய அட்டைகளை அமெரிக்காவில் இருக்கும் தர நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் போட்டு, அட்டையைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்து, ஓரங்களை உருக்கி மூடி அனுப்புவார்கள். பிறகு அதைத் திறக்கக்கூடாது. திறந்தால் மதிப்பெண் செத்தது. திறந்து, உள்ளே மட்டமான அட்டையை வைத்து, மறுபடி ஒட்டி விற்கிற கில்லாடிகளும் உண்டு. அப்படி ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டின் விளிம்பில் பனி படிந்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு விழும். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

இந்தக் கூட்டின் கீழ் விளிம்பில் அந்தக் கோடு இருந்தது.

வாங்கியவர் ரொஷா. விற்றவர் இராஜேந்திரன், துப்பறிவாளரைக் கூப்பிட்டவரும் அவர்தான். லோசானுக்குப் பக்கத்து ரெனானில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தார், மருத்துவமனையில் சுத்திகரிப்பு வேலை. பதினோரு வருடத்துக்கு முன் பழைய சாமான் சந்தையில், ஊரைவிட்டுப் போன ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் சுருட்டுப் பெட்டியை வாங்கினார். உள்ளே அட்டைகள் இருந்தன. பேஸ்போல் என்றால் என்னவென்று அன்று அவருக்குத் தெரியாது. இன்றைக்கு விடிய விடிய அதைப் பற்றிக் கதைப்பார், கேட்க ஆள்தான் கிடையாது.

“உள்ளே இருப்பது அதே அட்டையா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்க்க முடியாதா?” என்று பிரபாலினி கேட்டாள்.

“எண் பொருந்துகிறது. ஆனால் இது 2013இல் தரம் போட்டது. அப்போதெல்லாம் படம் எடுத்து வைக்கிற வழக்கம் இல்லை,” என்றார் ரொஷா. மேசை லாச்சியைத் திறந்து, கையால் தைத்த சின்னப் பருத்திப் பை ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். “இந்தப் பையில்தான் வந்தது. மற்ற அட்டைகளோடு வைக்க மனமில்லை. மருந்து வாடை.”

பிரபாலினி தும்மினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அலுமாரிக்கு மேலே படுத்திருந்த கொழுத்த பூனை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

“பூனை எனக்கு ஆகாது, அண்ணை. கெதியாய் முடியுங்கோ.”

“இராஜேந்திரனிட்டை முந்தி வாங்கினவரோ எண்டு கேள்.”

நான்கு வாங்கியிருக்கிறாராம். நான்கும் சுத்தம். எழுந்து போய் எடுத்து வந்து காட்டவும் செய்தார். விளிம்புகள் பளிங்காக இருந்தன. அந்த நான்கில் கடைசியாக வாங்கியது போன வருடம் ஓகஸ்ட்டில்.

“அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் கோபம் கூட,” என்றார் ரொஷா. “இன்று மாலை ஐந்து மணிக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பேன். அதற்கு முன் விளக்கம் கிடைத்தால் கேட்கிறேன்.”

ஐந்து மணி. உருத்திரமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால்.

படியில் இறங்கும்போது முழங்கால் படிக்குப் படி முறையிட்டது. சாதாரண வழக்கு என்றால் ரயில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் திங்கட்கிழமை காலை கொம்யூன் என்ற நகராட்சி அலுவலகத்தில் இராஜேந்திரனுக்குச் சுவிஸ் குடியுரிமை நேர்முகம். மனைவிக்கும் மகனுக்கும் எப்போதோ கிடைத்துவிட்டது. பிரெஞ்சுக்குப் பயந்து பயந்து ஒத்திப்போட்ட மனிதர், இப்போது மருத்துவமனைத் தாழ்வாரத்தைத் துடைத்தபடி இருபத்தாறு மாகாணங்களையும் பாடமாக்கி வைத்திருக்கிறார். மோசடிப் புகார் ஒன்று பதிவானால் கோப்பு அப்படியே நின்றுவிடும், எத்தனை வருடத்துக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. முப்பத்தொரு வருடம் காத்திருந்தவரை வாசற்படியில் வைத்துத் திருப்பி அனுப்புவது அநியாயமாக உருத்திரமூர்த்திக்குப் பட்டது.

இராஜேந்திரன் குற்றவாளியாக இல்லாத பட்சத்தில்.

*

“அட்டையளை எங்கை வைக்கிறனீங்கள், இராஜன்?” ரெனான் வீட்டு வாசலில் வைத்தே உருத்திரமூர்த்தி கேட்டார்.

“கீழை காவிலை, மூர்த்தியண்ணை.”

காவ் என்பது கட்டடத்தின் நிலவறை. ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே மரச்சட்டம் அடித்த ஒரு அறை. இராஜேந்திரன் முன்னே போய் விளக்கைப் போட்டார். ஒல்லியான மனிதர், சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். பழைய சைக்கிளுக்கும் அரிசி மூட்டைக்கும் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது.

“இதுக்குள்ளைதான். இப்ப… இப்ப வேறை இடத்துக்கு மாத்தியாச்சு.”

“எப்ப?”

“போன கிழமை.”

“மொசியுவுக்கு அனுப்பேக்கை அந்தக் கூட்டை வடிவாப் பாத்தனீங்களோ?”

“இல்லையண்ணை. ஒவ்வொண்டுக்கும் மனுசி தைச்ச பை இருக்கு. பையிலை பேர் எழுதியிருக்கு. விடியக் காலமை வேலைக்கு ஓடுற அவசரம். பையோடை பார்சலுக்குள்ளை வைச்சு அனுப்பினனான்.”

உருத்திரமூர்த்தி பெட்டி மூடியின்மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். தூசு விரலோடு திரண்டு வந்தது. போன வாரம் திறந்த பெட்டியில் மூன்று மாதத் தூசு. அவர் விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் பிரபாலினி சொன்னாள்: “இந்த வழக்கிலை இதுவரை பொய் சொல்லாத ஒரே ஆள் அந்தத் தூசுதான்.”

“பொய் சொல்லுறார். ஆனா எதைப் பற்றிப் பொய் எண்டுதான் தெரியேல்லை.”

“எங்களைக் காசு குடுத்துக் கூப்பிட்டுப் பொய்யும் சொல்லுறார். நல்ல கஸ்டமர்.”

“வீட்டிலை வேறை ஆர்?”

“மனுசி ஜெயமலர் அன்ரி. மகன் யதுசன், இருபத்தெட்டு வயது. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலை கைத்தொலைபேசி திருத்துற கடை வைச்சிருக்கிறார். மார்கழியிலை தகப்பனோடை ஏதோ சண்டையெண்டு கேள்வி.” தன் கைத்தொலைபேசியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “கைத்தொலைபேசி திருத்துறதெண்டால் பிளாஸ்டிக்கைச் சேதமில்லாமல் திறக்கிறதும், ஒட்டுறதும்தானே அண்ணை.”

அந்த யோசனை அவருக்கும் வந்திருந்தது. வராமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார். பிள்ளையால் தகப்பனுக்கு வரும் வழக்குகள் அவருக்கு அலுத்துவிட்டன. அவற்றில் வென்றாலும் சாப்பாடு இறங்குவதில்லை.

*

யதுசனின் கடை ஆறு அடி அகலம். மேசையில் மெல்லிய பிளாஸ்டிக் நெம்புகோல்கள், பசைக் குழாய், பசையை இறுக்கும் ஊதா விளக்கு. கூடு திறக்க வேண்டிய சாமான் அத்தனையும் வரிசையாக இருந்தன. பார்க்கவே உருத்திரமூர்த்திக்குச் சலிப்பாக இருந்தது.

“நான் அதுகளைத் தொட்டதே இல்லை, அங்கிள்,” என்றான் யதுசன், தலையை நிமிர்த்தாமல். “பள்ளிக்கூடம் போற காலத்திலை ஒருக்கா ஒரு அட்டையை எடுத்துப் பாத்தனான். அண்டைக்கு வாங்கின ஏச்சு இண்டைக்கும் காதுக்குள்ளை இருக்கு.”

“மார்கழியிலை அப்பாவோடை ஏதோ சண்டையாம்?” என்றார் உருத்திரமூர்த்தி.

“பக்கத்துக் கடை காலியாச்சுது. ஒரு அட்டையை வித்து உதவி செய்யுங்கோ எண்டனான். ஏலாதெண்டிட்டார். பிறகு பாத்தா மொசியுவுக்கு விக்கிறார். கேட்டா, அது சேகரிப்புக்காம், நான் கேக்கிறது செலவுக்காம்.” திருகாணியைக் கீழே வைத்தான். “கோபம்தான். அதுக்காக?”

உருத்திரமூர்த்தியின் கைத்தொலைபேசி அடித்தது. தடிமனில் காதும் அடைத்திருந்ததால் காலையிலிருந்தே அது ஒலிபெருக்கியில்தான் இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்ற நினைப்பு வருவதற்குள் இராஜேந்திரனின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“மூர்த்தியண்ணை, இனி ஒண்டும் தேட வேண்டாம். அந்தக் கூட்டைத் திறந்தது நான்தான்.”

பிரபாலினி யதுசனைப் பார்த்தாள்.

“என்னத்தாலை திறந்தனீங்கள், இராஜன்?”

“…கத்தியாலை.”

“எந்தப் பக்கத்தாலை?”

“மேல் பக்கத்தாலை. பேர் ஒட்டியிருக்கிற பக்கத்தாலை. மொசியுவுக்கு நான் சொல்லுறன். நீங்கள் வீட்டை போங்கோ, அண்ணை.”

தொடர்பு அறுந்தது.

“கோடு கிடக்கிறது கீழ்ப் பக்கத்திலை,” என்றாள் பிரபாலினி மெதுவாக.

“ஓம். மனுசன் அந்தக் கோட்டைக் கண்ணாலையே காணேல்லை.”

யதுசன் ஊதா விளக்கை அணைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பார்ப்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்பா திறக்கேல்லை, அங்கிள். நான் திறந்தனான் எண்டு நினைக்கிறார்.” கதவில் ‘மூடியுள்ளது’ பலகையைத் திருப்பினான். “வாங்கோ, போவம்.”

*

மணி மூன்றரை. வீட்டில் இராஜேந்திரன் வரவேற்பறை நாற்காலியில் குனிந்து இருந்தார். முன்னால் கொம்யூன் கொடுத்த கேள்விக் கையேடு மூடிக்கிடந்தது. மகனைக் கண்டதும் எழும்பப் பார்த்து, பிறகு இருந்துவிட்டார். யதுசன் சுவரோடு சாய்ந்துகொண்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஜெயமலர் தேநீர்த் தட்டோடு வந்தார். வெள்ளிக்கிழமை, மாலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போக மாம்பழ நிறப் பட்டுச் சேலை உடுத்து ஆயத்தமாக நின்றார். குனிந்து பிரபாலினிக்குக் கோப்பையை நீட்டினார்.

பிரபாலினி தும்மினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தேநீர் தட்டில் கொட்டியது.

“மொசியுவின்ரை பூனை எங்களுக்கு முதல் ரயிலெடுத்து வந்திட்டுது போலை,” என்று மூக்கைத் துடைத்தாள்.

உருத்திரமூர்த்தி கோப்பையை வைத்துவிட்டார்.

“தங்கச்சி, வீட்டிலை பூனை நிக்குதோ?”

“பூனையோ! இந்தக் கட்டடத்திலை ஒரு மீன் வளக்கவே கடிதம் எழுதிக் கேக்கவேணும்.”

“அப்ப இந்தப் பிள்ளை காலமையும் பூனைக்குத் தும்மேல்லை. மொசியு லாச்சியைத் திறந்து அந்தத் துணிப்பையை வெளியிலை எடுத்தவுடனைதான் தும்மினது. இப்ப நீங்கள் கிட்ட வரத் தும்முது.” மூக்கை உறிஞ்சினார். ஒன்றும் வரவில்லை. “எனக்கு மணக்காது. பிள்ளை, அந்தச் சீலை என்ன மணக்குது?”

பிரபாலினி முந்தானையைப் பிடித்து முகர்ந்தாள். “அதே மணம். மருந்து மாதிரி… ஏதோ பூச்சி உருண்டை மாதிரி.”

“தங்கச்சி, இந்தச் சீலையை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெயமலர் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தடவினார்.

உருத்திரமூர்த்திக்கு இப்போது எல்லாம் புரிந்தது, சிரிப்பும் களைப்பும் ஒன்றாக வந்தன. ஐரோப்பாவில் தமிழர் வீட்டுக்குள் புகும் கள்வன் நேராகச் சேலை அலுமாரிக்குத்தான் போகிறான், நகை அங்கே இருக்கும் என்று அவனுக்கும் தெரியும். அதனால் அந்த அலுமாரியைப் பற்றி எந்த வீட்டிலும் வெளியாளிடம் வாய் திறப்பதில்லை. காவல்துறையிடம் இல்லை, காப்புறுதிக்காரனிடம் இல்லை, தாங்களே கூப்பிட்ட துப்பறிவாளனிடமும் இல்லை.

“அந்தப் பெட்டியிலை மூண்டு மாதத் தூசு. கார்த்திகையிலை ஆரும் காவை உடைச்சவங்களோ, இராஜன்?”

“…பக்கத்து வீட்டாற்றை காவை. அண்டைக்குப் பின்னேரமே எல்லாத்தையும் மேலை கொண்டந்திட்டன்.”

“அம்மா,” என்றான் யதுசன். “திறவுங்கோ.”

ஜெயமலர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

படுக்கையறை அலுமாரியின் அடித்தட்டு. கூறைச் சேலை, அதற்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி வைத்த பதினொரு துணிப்பைகள். தட்டின் அடியில் கை நிறைய வெள்ளை உருண்டைகள்.

“அக்கா போன கோடையிலை யாழ்ப்பாணத்திலையிருந்து கொண்டந்தவ,” என்றார் ஜெயமலர். “இஞ்சத்தை கடையளிலை உது கிடைக்காது. அட்டையும் பழசுதானே, பூச்சி அரிச்சிடும் எண்டு அதுக்கும் சேத்துப் போட்டனான்.”

உருத்திரமூர்த்தி முதல் பையை அவிழ்த்தார். கீழ் விளிம்பில் வெள்ளைக் கோடு. இரண்டாவது, அதே கோடு. மூன்றாவது, நான்காவது, பதினொன்று வரை அதே இடத்தில், உருண்டைகளின்மேல் நின்ற பக்கத்தில்.

பக்கத்தில், தோடு வைக்க நகைக்கடையில் கொடுத்த ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் டப்பா. அதன் அடியும் பனி படிந்து பிசுபிசுத்தது.

“உருண்டையின்ரை ஆவி இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஆகாது,” என்றார். “அட்டையைக் களவெடுக்கக் கூட்டைத் திறப்பினம். தோட்டு டப்பாவை ஆரும் திறந்து ஒட்டப்போறதில்லை. பிள்ளை, மொசியுவைக் கூப்பிடு. தன்ரை கண்ணாலை பாக்கட்டும்.”

“மூக்காலையும் எண்டு சொல்லுறன்.”

*

மொசியு ரொஷா நாலரைக்கு மெட்ரோவில் வந்தார். தன் அட்டையையும் பூதக்கண்ணாடியையும் கொண்டு வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அலுமாரிக்கு முன்னால் முழந்தாளிட்டு, பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோட்டு டப்பாவை நீண்ட நேரம் பார்த்தார். கடைசியில் கூறைச் சேலையை முகர்ந்து பார்க்க அனுமதி கேட்டார். ஜெயமலர் வெட்கப்பட்டுத் தலையாட்டினார்.

எழுந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த புகாரை எடுத்து, இரண்டாகக் கிழித்தார். கிழிக்கையிலும் மடிப்பின்மேல் நேராகக் கிழித்தார்.

“தர நிறுவனத்துக்கு அனுப்பிப் புதுக் கூடு போட்டுக்கொள்ளலாம். அட்டைக்கு ஒன்றும் ஆகியிராது,” என்றார். பிறகு இராஜேந்திரனின் கையைப் பிடித்து, “மன்னிக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு வாழ்த்துகள்,” என்றார்.

இதைப் பிரபாலினி மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. இராஜேந்திரன் பிரெஞ்சிலேயே நன்றி சொன்னார், பிழையில்லாமல்.

ரொஷா விடைபெற்றுப் போனார். வென்ற வழக்கு. உருத்திரமூர்த்தி வாசல் முக்காலியில் இருந்தபடி சப்பாத்து நாடாவைக் கட்ட முயன்றுகொண்டிருந்தார். முழங்கால் மடங்க மறுத்தது. பிரபாலினி குனிந்து கட்டிவிட்டாள்.

திறந்த கதவினூடாக வரவேற்பறை தெரிந்தது. யதுசன் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றான். கேள்விக் கையேட்டை எடுத்துப் புரட்டினான். பிறகு மூடி வைத்தான்.

“அப்பா, நான் ஒரு கேள்வி கேக்கிறன். இதுக்குள்ளை இல்லாத கேள்வி.”

இராஜேந்திரன் நிமிர்ந்தார்.

“நீ திறந்தனியோ எண்டு ஒரு சொல்லு என்னட்டைக் கேட்டிருக்கலாமே. ஏன் கேக்கேல்லை?”

இருபத்தாறு மாகாணங்களையும் பாடமாக்கிய மனிதர் மூடிக்கிடந்த கையேட்டைப் பார்த்தார். மேல் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது.

“பயமாக் கிடந்தது, தம்பி,” என்றார் கடைசியில். “கேட்டா நீ ஓமெண்டு சொல்லிப்போடுவியோ எண்டு.”

யதுசன் நின்ற இடத்திலேயே நின்றான். உருத்திரமூர்த்தி கையை நீட்டி, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.